1974 மஹிந்திரா சிஜே3பி: பெட்ரோல் டேங்க்கின் அடித்தகடு அரித்துவிட்டது. பற்றவைப்பதா, புதிதாகச் செய்து மாட்டுவதா?

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் 1974ஆம் ஆண்டு மஹிந்திரா சிஜே3பி ஜீப் ஒன்று இருக்கிறது. தாத்தா வாங்கிய வண்டி. இப்பகுதியில் இருந்த பெரும்பாலான ஜீப்புகள் டீசல் இன்ஜினுக்கு மாறிவிட்ட பிறகும், எங்கள் வீட்டில் பழைய ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினையே பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டி வருகிறோம்.

இரண்டு மாதங்களாகக் காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே பெட்ரோல் வாடை அடிக்கிறது. டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை இழுத்துத் தரும் ஏ.சி. பம்பின் கண்ணாடிக் குடுவையில் செம்பழுப்பு நிறத் தூள் படிகிறது. துடைத்து மாட்டினால் நான்கு நாளில் மறுபடியும் படிந்துவிடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் டேங்க்கின் அடி ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். மூன்று பக்கங்களில் தகடு கணீரென்று ஒலித்தது. நான்காவது பக்கத்தில் சத்தமே எழவில்லை, பெயின்ட் மட்டும் உள்வாங்கியது. அங்கே விரலை வைத்தபோது ஈரம் ஒட்டியது.

கீழே பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் விசாரித்தேன். டேங்க்கைக் காலி செய்து கொண்டுவந்தால் கேஸ் வெல்டிங் வைத்து அரை மணி நேரத்தில் அடைத்துத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதைச் செய்து பார்த்த பெரியவர்களின் கருத்தைக் கேட்ட பிறகே கழற்றலாம் என்று இருக்கிறேன்.

உலைக்களம் (சேலம்)

தம்பி, நான் 31 ஆண்டுகளாக வெல்டிங் வேலை செய்கிறேன். அந்த டேங்க்கை அப்படியே கேஸ் வெல்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலியான டேங்க்தான் ஆபத்தானது என்பதைப் பலர் நம்புவதில்லை. திரவமாக நிற்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை இருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டேங்க்கில் ஆவிக்கு இடமே குறைவு. உள்ளே ஆவி அவ்வளவு அடர்ந்து கிடப்பதால் காற்றுக்கும் இடமில்லை. வடித்துவிட்டு மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைத்த டேங்க்கில்தான் அந்தக் கலவை கச்சிதமாக அமைகிறது. துருப் படலத்துக்குள்ளும் மடிப்பு ஓரங்களுக்குள்ளும் ஊறிக் கிடக்கும் பெட்ரோல், சுடரின் சூடு பட்டவுடன் மறுபடியும் ஆவியாகிக் கிளம்பும். ஆகையால் முகர்ந்து பார்த்தபோது வாடையே இல்லை என்பது ஒரு பாதுகாப்பே ஆகாது.

நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் பட்டறையில் ஒரு டேங்க் அப்படி வெடித்தது. சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவிய டேங்க் அது. தட்டையான அடித்தகடு பானையின் வயிறு போலப் புடைத்து, ஓரத் தையல் கிழிந்து, தீ நாக்கு பக்கவாட்டில் பாய்ந்தது. எதிரில் யாரும் நிற்காததால் என் முன்னங்கையில் பட்ட தீப்புண்ணோடு போயிற்று. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால், வெல்டிங் படும் இடம் மேலே இருக்கும்படி டேங்க்கைத் திருப்பி, அந்த இடத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மிச்சமுள்ள வெற்றிடத்தில் எரியாத ஆர்கான் வாயுவைச் செலுத்தியபடிதான் செய்ய வேண்டும். ஆனால் உங்கள் டேங்க்குக்கு அதுவும் பயன்படாது. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அரித்து மெலிந்த தகட்டில் ஓட்டையின் ஓரத்தைச் சூடாக்கினால் ஓட்டை பெரிதாகும். ஒட்டு பிடிப்பதற்குத் தகடு இருக்காது. புதிதாகச் செய்துவிடுங்கள்.

புதுவண்டி (கோயம்புத்தூர்)

நான் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் டேங்க்கை, உள்ளே ஊற்றி உருட்டி ஊறவைக்கும் எப்பாக்சிப் பூச்சினால் சரிசெய்து இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். தீயும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. ஜீப்புக்கும் அதையே செய்தால் என்ன? அப்படியே புதிதாகச் செய்வதென்றாலும், இருக்கைக்கு அடியில் மிச்ச இடம் இருந்தால் 60 லிட்டர் பிடிக்கும்படி பெரிதாகச் செய்துகொள்ளலாமே?

ஏலமலை (போடிநாயக்கனூர்)

புதுவண்டி நண்பரே, மோட்டார் சைக்கிள் டேங்க்கின் உட்புறத்தை மூடி வழியாக ஓரளவு பார்த்துவிடலாம், உள்ளே நட்டு போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்துவிடலாம். ஜீப் டேங்க்கின் உள்ளே குறுக்குத் தகடு இருக்கிறது. அதன் மறைவில் உள்ள துருவை எந்தக் குலுக்கலும் எட்டாது. பூச்சு சுத்தமான இரும்பைத்தான் பற்றிக்கொள்ளும். துருவின் மேல் படிந்த பூச்சு, துரு உரியும்போது தானும் ஏடு ஏடாக உரிந்து, டேங்க்கிலிருந்து பெட்ரோலை எடுக்கும் உறிஞ்சுகுழாயை அடைத்துவிடும். எங்கள் வண்டி ஒன்றில் அப்படி உரிந்த ஏட்டைக் கார்புரேட்டர் வரை தேடி எடுத்திருக்கிறேன். பழைய பூச்சு வகைகள் பல எத்தனால் கலந்த பெட்ரோலில் கொழகொழத்துப் போகின்றன என்பதையும் கருத வேண்டும்.

கொள்ளளவைக் கூட்டும் யோசனை வேண்டாம். அதே இடத்தில் அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு; அதற்கு மேல் போனால் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, காப்பீடு என்று பேச்சு வளரும். மனிதர் உட்காரும் இருக்கைக்கு அடியில் அதிகமாகப் பெட்ரோலைச் சேர்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மழைக்காட்டு நண்பரே, உங்களிடம் ஒரு கேள்வி. டேங்க் ஏன் அரித்தது என்று பார்த்தீர்களா? நம் ஜீப்புக்கு மூலமான இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் ஓட்டுநர் இருக்கையின் மெத்தையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்தது. போர் முடிந்து பொதுமக்களுக்கு வந்த சிஜே வரிசையில் ஊற்றும் வாயை மட்டும் பாடியின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்; டேங்க் இருக்கைக்கு அடியில், தரைத் தகட்டில் அழுத்தி எடுத்த ஒரு குழிக்குள் அப்படியே தங்கிவிட்டது. 1953இல் வந்த சிஜே3பியிலும் அதே ஏற்பாடுதான். அந்தக் குழியின் அடியில் நீர் வடிவதற்குத் துளை உண்டு. நாற்பது ஐம்பது ஆண்டுச் சேற்றில் அது அடைபட்டால், மழைநீரும் காலில் ஒட்டி வரும் மண்ணும் குழியில் தங்கி, டேங்க் அந்த ஈரத்தில் உட்கார்ந்தே இருக்கும். அதிர்வுச் சத்தம் வராமலிருக்க இடையில் வைத்த கம்பளிப் பட்டை பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் இதுவரை கழற்றிப் பார்த்த ஆறு டேங்க்குகளில் ஐந்து அந்தப் பட்டை படிந்த கோட்டிலேயே அரித்திருந்தன. குழியைச் சரிசெய்யாமல் புது டேங்க்கை இறக்கினால் அதற்கும் இதே கதிதான்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகடிவ் வயரை எடுத்துவிடுங்கள். திறந்த வெளியில், அடியிலுள்ள வடிகால் பிளக்கைத் திறந்து இரும்புக் கலனில் வடியுங்கள். பிளாஸ்டிக் வாளி கூடாது, அதில் நிலைமின்சாரம் சேரும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், வடித்த பிறகும் அந்தக் குழியிலும் அருகிலுள்ள பள்ளத்திலும் படுத்துக் கிடக்கும். மேலே வாடை இல்லை என்று வயர் போட்ட கைவிளக்கைக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

ஏலமலை ஐயா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. நேற்று கழற்றிவிட்டேன். பிடிப்புப் பட்டைகளின் போல்ட்டுகள் இரண்டும் திரும்பாமல் முறிந்தன. டேங்க்கைத் தூக்கியபோது குழியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கருஞ்சேறு. அதில் தேயிலைச் சருகும் ஒரு பழைய பத்து பைசா நாணயமும் கிடந்தன. வடிதுளை எங்கே இருந்தது என்பதே தெரியவில்லை. கம்பியால் குத்திக் குத்தித்தான் கண்டுபிடித்தேன். சின்னக்கல்லாறு பக்கம் பெய்யும் மழையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

டேங்க்கின் அடியில் கம்பளிப் பட்டை ஒட்டியிருந்த கோடு முழுவதும் ஊசித்துளைகள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததில், மேற்பாதி ஆச்சரியப்படும் அளவுக்குப் பளபளப்பாக இருக்கிறது. அடிப்பாதியில் மட்டும் சாம்பல் நிறத்தில் வெண்பொடி போல ஏதோ படிந்து, அதற்குக் கீழே துரு. இந்த வெண்பொடி என்ன?

குழியின் தகட்டிலும் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை இருக்கிறது. அதைத் தனியாக வெட்டி ஒட்டுப் போட வேண்டும்.

உலைக்களம் (சேலம்)

அந்தக் காலத்து டேங்க் தகடுகளுக்கு உள்ளே ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும். வெறும் பெட்ரோலில் அது ஆயுள் முழுக்க நிற்கும். நீங்கள் மேற்பாதியில் பார்த்த பளபளப்பு அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பூச்சை அரிக்கிறது. வெண்பொடி பெரும்பாலும் அந்த ஈயத்தின் உப்புகளாக இருக்கும். கையுறை இல்லாமல் சுரண்டாதீர்கள், ஈயம் நஞ்சு.

நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது ஏறத்தாழ எல்லா பங்க்குகளிலும் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும். நீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் உங்கள் வண்டியின் டேங்க்கில் அடிப்பாதி மட்டும் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, உங்கள் டேங்க்கை வெளியிலிருந்து சேறும் உள்ளிருந்து இதுவும் சேர்ந்து தின்றிருக்கின்றன.

இனி எந்தத் தகட்டில் செய்வது என்ற கேள்வி. என் விருப்பம் 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் சாதாரண இரும்புத் தகடு. எந்த ஊரிலும் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் மடிக்கலாம், அதிர்வைத் தாங்கும்.

ஏலமலை (போடிநாயக்கனூர்)

உலைக்களம் ஐயாவின் அனுபவத்துக்கு முன் நான் சிறியவன் என்றாலும், இந்த ஒன்றில் மாறுபடுகிறேன். பூச்சு இல்லாத இரும்புத் தகட்டில் இன்றைய பெட்ரோலை ஊற்றினால், வால்பாறை மழையில் உட்புறம் ஒரே பருவத்தில் துருவேறத் தொடங்கிவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யச் சொல்வேன். அலுமினியம் இலேசானது என்றாலும் ஈரச் சேற்றில் இரும்புக் குழியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியந்தான் முதலில் அரிக்கும். கரடுமுரடான பாதையில் அதன் வெல்டிங் ஓரம் விரிசல் விடுவதையும் பார்த்திருக்கிறேன்.

உலைக்களம் (சேலம்)

மறுக்க மாட்டேன். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது. ஆனால் அதை அரைகுறையாகப் பற்றவைத்தால் சாதாரண இரும்பைவிட மோசமாகும். ஆர்கான் வெல்டிங்தான் செய்ய வேண்டும். வெளியில் மட்டும் ஆர்கான் பாய்ந்து உட்புறம் காற்றுப் பட்டால், ஒட்டின் பின்பக்கம் கருகிச் சர்க்கரை போலப் பொரிந்துவிடும். அந்தப் பொரிவிலிருந்துதான் விரிசல் தொடங்கும், உதிரும் துகள் பம்புக்குப் போகும். ஆகவே டேங்க்கின் உள்ளேயும் ஆர்கானை நிரப்பிக்கொண்டு பற்றவைக்கும் ஆளிடம் கொடுங்கள். கோவையில் ஹோட்டல், பால்பண்ணை, உணவு ஆலைகளுக்குக் கலன் செய்யும் பட்டறைகளில் இந்த வேலை தெரிந்தவர்கள் உண்டு. மூலைகளை நான்கு தனித்தகடுகளாக ஒட்டாமல், முடிந்தவரை ஒரே தகட்டை மடித்து எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கிரைண்டரில் இரும்பு தேய்த்த கல்லை ஸ்டெயின்லெஸ்ஸில் வைக்க விடாதீர்கள். ஒட்டிய இரும்புத் துகள் பிறகு துருப்புள்ளியாகத் தெரியும்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

304 ரகத்தில் 1.5 மில்லிமீட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். பழைய டேங்க்கை அளந்ததில் வண்டியின் நீளவாக்கில் 50 செ.மீ., அகலம் 42 செ.மீ., உயரம் 20 செ.மீ. உள்ளே ஒரே ஒரு குறுக்குத் தகடு, கீழ் மூலைகளில் அரைவட்ட வெட்டுகளோடு இருக்கிறது. உறிஞ்சுகுழாய் முன்பக்கத்தில் இறங்குகிறது. அதே மாதிரி செய்யச் சொல்லிவிடட்டுமா?

ஏலமலை (போடிநாயக்கனூர்)

உறிஞ்சுகுழாயின் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் அளவுகளையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேங்க்கில் 10 லிட்டர் மிச்சம் இருந்தால் சமதரையில் அது கிட்டத்தட்ட 5 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். வண்டி 20 பாகை ஏற்றத்தில் ஏறும்போது அந்தப் பத்து லிட்டரும் பின்பக்கமாகச் சரிந்து ஆப்பு வடிவில் தேங்கும். அப்போது அடித்தகட்டின் பின்பக்க 36 செ.மீ. மட்டும் நனைந்திருக்க, முன்பக்க 14 செ.மீ. வறண்டுவிடும். உறிஞ்சுகுழாய் அந்த வறண்ட பகுதியில் இருந்தால், பத்து லிட்டர் கையிருப்போடு நடு ஏற்றத்தில் நின்றுவிடுவீர்கள். இறக்கத்தில் இன்ஜின் நின்றாலும் கீழே வந்து எடுத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் நிற்பதுதான் தொல்லை. ஆகையால் மேலே குழாய் இணையும் இடம் பழைய இடத்திலேயே இருக்கட்டும்; உள்ளே குழாயை வளைத்து, நீளத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் முனை வரும்படி செய்யச் சொல்லுங்கள். முனை அடித்தகட்டிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். அடியில் தங்கும் நீரும் கசடும் அப்போது உள்ளே ஏறாது. வடிகால் பிளக் எல்லாவற்றிலும் தாழ்ந்த புள்ளியில் இருக்க வேண்டும்.

குறுக்குத் தகட்டை விட்டுவிடாதீர்கள். நிரம்பிய டேங்க்கில் பெட்ரோலின் எடை மட்டும் 31 கிலோ. பாறைப் பாதையில் அது முன்னும் பின்னும் மோதுவதைத் தடுப்பதும், தட்டையான பெரிய தகடுகள் முரசு போல அதிராமல் பிடித்துக்கொள்வதும் அந்தத் தகடுதான்.

கொடைச்சாலை (கொடைக்கானல்)

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. என்னுடையது பெஜோ டீசல் இன்ஜின் வைத்த மஹிந்திரா எம்எம்540 ஜீப். என் டேங்க்கும் இதே நிலையில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பட்டறையில், துருப்பிடிக்காது என்பதால் ஜி.ஐ. தகட்டில் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

உலைக்களம் (சேலம்)

கூடாது. ஜி.ஐ. தகட்டின் மேல் இருப்பது துத்தநாகம். டீசலில் இருக்கும் அமிலக் கூறுகளோடு துத்தநாகம் சேர்ந்து சோப்புப் போன்ற பசையாக மாறும். அது வடிகட்டியையும் இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனையையும் அடைக்கும். செம்புக் குழாயும் டீசலுக்கு ஆகாது. சாதாரண இரும்போ ஸ்டெயின்லெஸ்ஸோ வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினிலிருந்து டீசல் திரும்பி வரும் குழாய்க்குத் தனி வாய் வைக்கவும், அதன் முனை உறிஞ்சுகுழாய்க்குத் தள்ளி இருக்கவும் மறந்துவிடாதீர்கள். திரும்பி வரும் டீசலில் காற்றுக் குமிழி இருக்கும். அடியில் தேங்கும் நீரை மாதம் ஒருமுறை வடித்துவிடுங்கள். நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புப் பாசியாகப் படியும்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

டேங்க் தயாராகிவிட்டது. தகடும் கூலியும் சேர்த்து 8,200 ரூபாய் ஆயிற்று. எடை பத்து கிலோவுக்குச் சற்று மேல். ஒட்டுகள் பார்வைக்கு மிக நேர்த்தியாக இருக்கின்றன. கசிவு பார்ப்பதற்குப் பட்டறையில் கம்ப்ரஸர் காற்றைப் பிடித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். செய்யலாமா?

உலைக்களம் (சேலம்)

கம்ப்ரஸர் குழாயை நேரடியாக வைக்க விடவே வேண்டாம் தம்பி. உங்கள் டேங்க்கின் மேல்தகடு 2,100 சதுர செ.மீ. கம்ப்ரஸரில் சதுர செ.மீ.க்கு 6 கிலோ அழுத்தம் இருந்தால் அந்த ஒரு தகட்டின் மேல் மட்டும் 12,600 கிலோ தள்ளும். டேங்க் பலூன் ஆகிவிடும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். எல்லா வாய்களையும் அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதை ஆங்கில யு எழுத்து வடிவில் சுவரில் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். இன்னொரு வாய் வழியாக சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றடித்து, குழாயின் இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே அரை மீட்டர் வேறுபாடு வந்ததும் நிறுத்தி அடைத்துவிடுங்கள். அதற்கே தகட்டின் மேல் 105 கிலோ இருக்கும். இந்தச் சோதனைக்கு அது போதும். அரை மணி நேரம் நீர்மட்டம் இறங்கக் கூடாது. நிழலில் செய்ய வேண்டும், டேங்க்கைக் கையால் தொட்டுக்கொண்டும் நிற்கக் கூடாது. உள்ளிருக்கும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே நீர்மட்டம் மூன்று செ.மீ.க்கு மேல் நகர்ந்து உங்களைக் குழப்பிவிடும்.

அதன் பிறகு பழைய முறையிலும் ஒருமுறை பாருங்கள். ஒட்டுகளின் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இராத்திரி முழுக்க ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வையுங்கள். காற்றுக்கு அகப்படாத துளையையும் மண்ணெண்ணெய் கண்டுபிடிக்கும். வெண்சுண்ணாம்பில் மஞ்சள் கறை தெரியும்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

நீர்மட்டம் அசையவில்லை. ஆனால் சுண்ணாம்பில் ஒரு கறை வந்தது, ஊற்றும் வாய்க்குழாய் டேங்க்கோடு சேரும் வளைவில், கடுகளவுக்கு. அரை மீட்டர் காற்றழுத்தத்தில் தெரியாததை மண்ணெண்ணெய் ஓர் இரவில் காட்டிவிட்டது. மண்ணெண்ணெயை வடித்து, கொதிநீரில் கழுவிக் காயவைத்து, உள்ளே ஆர்கான் நிரப்பிக்கொண்டு அந்த இடத்தை மறுபடியும் பற்றவைத்தார்கள். இரண்டாம் இரவு சுண்ணாம்பு வெண்மையாகவே இருந்தது. ஐயாவுக்கு நன்றி.

குழியில் ஒட்டுப் போட்டு, துரு தடுக்கும் பிரைமரும் தாரும் அடித்து, வடிதுளையை இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டேன். கம்பளிக்குப் பதிலாக நீர் உறிஞ்சாத நைட்ரைல் ரப்பர் பட்டைகளை, டேங்க்கின் அடியில் தண்ணீர் ஓடிப்போக இடைவெளி விட்டு ஒட்டியிருக்கிறேன். ரப்பர் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றியாயிற்று. டேங்க் ரப்பரின் மேல் உட்காருவதால் தனியாக ஓர் எர்த் வயரைச் சேஸிஸுக்குக் கொடுத்தேன். நாளை ஆழியாறு வரை இறங்கி ஏறிப் பார்க்கிறேன்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

மனம் சோர்ந்து எழுதுகிறேன். இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. ஆழியாற்றிலிருந்து ஏறும்போது, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதைத் தாண்டியதும் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிட்டது. டேங்க்கில் 25 லிட்டருக்கு மேல் இருந்தது. கண்ணாடிக் குடுவையில் பாதிதான் பெட்ரோல். பத்து நிமிடம் காத்திருந்து ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. நான்கைந்து வளைவுகள் போனதும் மறுபடியும் நிற்கிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டும் பயனில்லை. உறிஞ்சுகுழாயை வளைத்த இடத்தில் தவறு நேர்ந்துவிட்டதோ?

ஏலமலை (போடிநாயக்கனூர்)

25 லிட்டர் இருக்கும்போது எந்த ஏற்றத்திலும் குழாயின் முனை வறண்டு போகாது. ஈரத்துணிக்கு அசையவில்லை என்பதால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்ததாகவும் தோன்றவில்லை. டேங்க் மூடியையும் மாற்றினீர்களா? அடுத்த முறை நிற்கும்போது வேறு எதையும் தொடாமல் மூடியை மட்டும் மெல்லத் திறந்து, காதை வைத்துக் கேளுங்கள்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது ஐயா! திறந்து மூடியதும் உடனே ஸ்டார்ட் ஆனது. பழைய மூடி துருப்பிடித்திருந்ததால் கடையில் பளபளப்பான புது மூடி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். இப்போதுதான் கவனிக்கிறேன், பழையதில் நடுவில் சிறு காற்றுத்துளை இருக்கிறது, புதியதில் இல்லை.

ஏலமலை (போடிநாயக்கனூர்)

அதுதான். இந்த வண்டியில் டேங்க்குக்குத் தனியாகக் காற்றுக் குழாய் கிடையாது. மூடியின் துளைதான் டேங்க்கின் மூக்கு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால், பம்பின் இழுவையை உள்ளே உருவாகும் வெற்றிடம் தோற்கடித்துவிடும். பழைய டேங்க்கில் ஊசித்துளைகள் வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்திருக்கும், அதனால் மூடி எப்படிப்பட்டதாக இருந்தாலும் தெரிந்திருக்காது. புது டேங்க் முழுமையாக இறுகியிருப்பதால்தான் குறை வெளிப்பட்டது. துளையுள்ள மூடியையே வாங்குங்கள். புது மூடியில் நீங்களாகத் துளை போட்டால் பக்கச் சரிவில் பெட்ரோல் வழியும். கிடைக்கும் வரை பழைய மூடியைச் சுத்தம் செய்து மாட்டிக்கொள்ளுங்கள். வாயில் வைத்து ஊதாதீர்கள், மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள்.

டேங்க்கை விளிம்பு வரை நிரப்பும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வீதம் விரியும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 40 லிட்டர், வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 800 மில்லி கூடிவிடும். அது உங்கள் இருக்கைக்குப் பக்கத்தில்தான் வழியும்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

பழைய மூடியோடு ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை ஒரே மூச்சில் ஏறிவிட்டது. இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. பெட்ரோல் கேஜ் தலைகீழாகக் காட்டுகிறது. டேங்க் காலியாக இருந்தபோது முள் முழுமைக்கும் அப்பால் போய் நின்றது. நிரப்பியதும் கீழே இறங்கிவிட்டது. வயரை மாற்றி மாட்டிவிட்டேனா? மிதவை யூனிட்டையும் புதிதாக வாங்கிப் போட்டிருந்தேன்.

ஓம்மீட்டர் (மதுரை)

வயரில் தவறில்லை. மிதவை யூனிட் என்பது மிதவையின் உயரத்துக்கு ஏற்ப மாறும் ஒரு மின்தடை, அவ்வளவுதான். அமெரிக்க வழக்கத்தில் செய்த யூனிட்டுகள் காலியில் 240 ஓம், முழுமையில் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய வழக்கத்தில் செய்தவை காலியில் 10, முழுமையில் 180. கேஜ் ஒரு வகையாகவும் யூனிட் மறு வகையாகவும் அமைந்தால் நீங்கள் சொல்வது போலத் தலைகீழாகத்தான் காட்டும். பழைய யூனிட் கைவசம் இருந்தால், மல்டிமீட்டரை வைத்து மிதவையை மேலும் கீழும் நகர்த்தி இரண்டையும் அளந்து சொல்லுங்கள்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

பழையது: காலியில் 236, முழுமையில் 34. புதியது: காலியில் 11, முழுமையில் 178.

ஓம்மீட்டர் (மதுரை)

பழைய யூனிட்டின் மின்தடைச் சுருள் நன்றாகவே இருக்கிறது. மிதவையை மெதுவாக நகர்த்தும்போது எண் தாவாமல் சீராக மாறினால், பழைய யூனிட்டையே மாட்டிவிடுங்கள். ஆனால் அதன் மிதவை தக்கையால் ஆனதா என்று பாருங்கள். தக்கையின் மேல் பூசியிருக்கும் அரக்கு எத்தனாலில் கரையும். பிறகு தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கத் தொடங்கும். அப்படியானால் புது யூனிட்டின் மிதவையைக் கழற்றிப் பழைய கம்பியில் பொருத்திக்கொள்ளலாம்.

மழைக்காட்டு ஜீப் (வால்பாறை)

தக்கைதான், கையில் எடுத்ததும் பிசுபிசுத்தது. புது மிதவையைப் பழைய கம்பியில் மாட்டி, நைட்ரைல் பேக்கிங் வைத்து இறுக்கினேன். பிறகு டேங்க்கை முழுவதும் வடித்துவிட்டு, ஐந்தைந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் கேஜின் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டேன். சில்வர் ஓக் மரச் சட்டம் ஒன்றைச் சீவி, அதே அளவுகளுக்கு அதிலும் கோடு கீறி வைத்திருக்கிறேன். முள் பாதியைக் காட்டும்போது சட்டத்தில் 18 லிட்டர் நனைகிறது. காலிக்கோட்டைத் தொடும்போது 6 லிட்டர் மிச்சமிருக்கிறது.

நேற்றிலிருந்து இங்கே தொடர்மழை. இன்று காலை இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். குழியில் தண்ணீர் நிற்கவில்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. கண்ணாடிக் குடுவை தெளிவாக இருக்கிறது.